கலைச்சொல்: ஸ்நேர் புரதத்துக்குக் 'கண்ணி' வேண்டாம், 'பிணைபுரி' என்போம்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> 'கண்ணிப் புரதம்' என்றே வைத்துவிடலாம். மூலச்சொல்லுக்கும் அதுதானே பொருள்?

கோவை ஐயா எழுதிய இந்த வரியில்தான் எனக்கு உடன்பாடில்லை. உயிரணுவுக்குள் சரக்கு சுமந்து வரும் நுண்பையை, அது சேர வேண்டிய சவ்வோடு இணைப்பவை ஸ்நேர் புரதங்கள். ஸ்நேர் என்பது 'ஸ்நாப் ஏற்பி' என்ற நீளமான பெயரின் சுருக்கம். 1993இல் உயிரணு ஆய்வாளர் ஜேம்ஸ் ராத்மன் குழுவினர் இந்தப் புரதங்களைப் பிரித்தெடுத்தபோது, ஸ்நாப் என்ற இன்னொரு புரதம் வந்து ஒட்டும் இடம் என்ற அளவில் வைத்த பெயர் அது. ஸ்நேர் செய்யும் வேலை பெயரில் இல்லை. சுருக்கம் மட்டும் ஆங்கிலத்தில் கண்ணியைக் குறிக்கும் சொல்லாக அமைந்துவிட்டது. அதையே நாம் மொழிபெயர்த்தால் வேடன் வைக்கும் கண்ணிதான் கிடைக்கும்.

நான் இருப்பது மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட்டில். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து மாலையில் படிவம் 4, 5 பிள்ளைகள் உயிரியல் டியூஷனுக்கு வருகிறார்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை அறிவியலைத் தமிழில் படித்தவர்கள். இப்போது கோல்ஜி உறுப்பை 'ஜாசாட் கோல்ஜி' என்றும் நுண்பையை 'வெசிகெல்' என்றும் மலாயில் படிக்கிறார்கள். பாடநூல், பை உயிரணுச் சவ்வோடு இணைகிறது என்று சொல்லி அங்கேயே நின்றுவிடும். எப்படி இணைகிறது என்று கேட்கும் பிள்ளைக்குச் சொல்ல ஒரு சொல் வேண்டுமே. போன வாரம் 'கண்ணி' என்று சொல்லிப் பார்த்தேன். முன்வரிசையில் இருந்த பெண் உடனே கேட்டாள்: "அப்போ இந்தக் கண்ணியில மாட்டுறது இன்சுலினா சார்?"

அவள் கேட்டது நியாயம். கண்ணி என்றால் எதையோ பிடிக்க வேண்டும். ஆனால் ஸ்நேர் புரதம் சரக்கைத் தொடுவதே இல்லை. சரக்கைப் பிடிப்பது வேறொரு சவ்வுப் புரதம். அதற்குச் 'சரக்கேற்பி' என்று சென்ற மாதம் நாம் ஒப்புக்கொண்டது நல்ல சொல். எல்மேன்1 என்ற சரக்கேற்பி பழுதானால் இரத்தம் உறையத் தேவையான 5ஆம் காரணியும் 8ஆம் காரணியும் அவை உருவாகும் இடமான எண்டோபிளாச வலையை விட்டுச் சரியாகக் கிளம்பாது. பிறவியிலேயே இரண்டும் குறைந்து இரத்தக் கசிவு நோய் வரும். ஏற்றிவிடுவது ஒரு புரதம், போய்ச் சேர்ந்த இடத்தில் சவ்வோடு சவ்வை இணைப்பது இன்னொன்று. இந்த இரண்டையும் குழப்பும் சொல்லை நாம் வைக்கக் கூடாது.

சரி, ஸ்நேர் என்னதான் செய்கிறது? பையின் சவ்வில் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், இலக்குச் சவ்வில் மற்றவை. இரண்டும் நெருங்கியதும் சவ்வுக்குத் தொலைவான நுனியில் தொடங்கி ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டே சவ்வை நோக்கி வரும். முறுக்கு ஏற ஏற இரண்டு சவ்வும் இழுபட்டு ஒட்டிக் கலந்துவிடும். நரம்பணுவில் இந்தக் கட்டின் படிக அமைப்பு 1998இல் வெளியானபோது நான்கு சுருள்கள் சேர்ந்து முறுக்கிய கற்றையாக இருந்தது: பையில் உள்ள சினாப்டோபிரெவினிலிருந்து ஒன்று, இலக்குச் சவ்வில் உள்ள சின்டாக்சினிலிருந்து ஒன்று, ஸ்நாப்-25இலிருந்து இரண்டு.

கயிற்றின் ஒவ்வோர் இழையையும் நாம் புரி என்கிறோம். முப்புரி நூல் தெரியாதவர் யார்? நற்றிணை 284இல் 'தேய்புரிப் பழங்கயிறு' என்று வருகிறது. அதனால் என் முன்மொழிவு: ஸ்நேர் புரதம் 'பிணைபுரிப் புரதம்', சுருக்கமாகப் பிணைபுரி. பையில் இருப்பது 'பைப்புரி', இலக்கில் இருப்பது 'இலக்குப்புரி'. நான்கும் சேர்ந்த கட்டு 'நாற்புரி'. வேலை முடிந்த பின் உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து அந்த முறுக்கைப் பிரிக்கும் என்எஸ்எஃப் புரதத்துக்குப் 'புரியவிழ்ப்பி' என்று தானாகவே பெயர் அமைந்துவிடுகிறது. 'கண்ணி'யிலிருந்து இப்படி ஒரு குடும்பத்தை வளர்க்க முடியுமா என்று ஐயா சொல்ல வேண்டும்.

> ஸ்நாப்-25 ஒரே புரதம், ஆனால் இரண்டு சுருள் தருகிறது. சவ்வை ஊடுருவவும் இல்லை. புரி என்று எதைச் சொல்வீர்கள்?

யாழ்ப்பாணத்து அக்காவின் கேள்வி முக்கியமானது. புரி என்பது புரதம் முழுவதற்கும் பெயரல்ல. ஏறக்குறைய 60, 70 அமினோ அமிலங்கள் கொண்ட அந்த முறுக்கும் பகுதிக்குத்தான். ஸ்நாப்-25 இருபுரிப் புரதம். கொழுப்பமிலம் ஒட்டியதால் சவ்வில் தங்குகிறது. ஊடுருவ வேண்டும் என்ற நிபந்தனை நம் சொல்லில் இல்லை. அப்புறம் இன்னொன்று: ஸ்நாப்-25க்கும், ஸ்நேர் என்ற பெயருக்குள் இருக்கும் அந்த ஸ்நாப்புக்கும் உறவே கிடையாது, எழுத்துகள் மட்டும் ஒன்று. ஒலிபெயர்த்தே எழுதுவோம் என்பவர்கள் இந்தக் குழப்பத்தையும் சேர்த்தே தமிழுக்குக் கொண்டுவருகிறார்கள்.

பைக்குப் 'புடகமா', 'நுண்பையா' என்ற சண்டையை நீட்ட வேண்டாம். இலங்கைப் பாடநூல்கள் புடகத்தை நெடுங்காலமாக ஆள்கின்றன, அது அப்படியே இருக்கட்டும். எங்கள் பிள்ளைகளுக்கு நுண்பை எளிது. 'குமிழ்' மட்டும் வேண்டாம், உள்ளே காற்று இருப்பதாக நினைத்துவிடுகிறார்கள்.

சொல் நிற்குமா என்று வாக்கியத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். இதோ: "டெட்டனஸ் நஞ்சு, முதுகுத்தண்டில் தசையை அடக்கும் நரம்பணுக்களின் பைப்புரியை வெட்டுகிறது; நுண்பை திறக்காது, அடக்கும் செய்தி போகாது, தசை விறைத்துவிடும். போட்டுலினம் ஏ நஞ்சு, தசையை இயக்கும் நரம்பு முனையில் ஸ்நாப்-25ஐ வெட்டுகிறது; தசை தளர்ந்துவிடும்." வகுப்பில் இதை அப்படியே எழுதிப்போட்டேன். ஒரே கட்டில் சேரும் புரிகளை வெட்டினால் ஒன்றில் விறைப்பும் மற்றதில் தளர்ச்சியும் ஏன் என்று கேட்டார்களே தவிர, பைப்புரி என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

ராத்மன், ஷெக்மன், சூடாஃப் மூவருக்கும் 2013இல் மருத்துவ நோபல் கிடைத்த துறை இது. இதைத் தமிழில் எழுதக் கட்டுரையாளர்கள் காத்திருக்கிறார்கள். 'இலக்குப்புரி' நாவில் கொஞ்சம் இடறுகிறது, ஒப்புக்கொள்கிறேன். 'தளப்புரி' என்று மாற்றலாமா? அக்கா, உங்கள் மாணவர்களிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்து எழுதுங்கள். நுண்பைப் போக்குவரத்துக்குத் தேவையானவை என்று ஷெக்மன் ஈஸ்ட்டில் கண்ட 'செக்' மரபணுக்களுக்கான சொற்பட்டியலை அடுத்த மடலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து