பலகைகளாக வந்த அலமாரி: கதவுகள் ஏன் சமமாக நிற்கவில்லை?

தனித்தனிப் பலகைகளாகப் பெட்டியில் வந்து, நாமே பூட்டி நிறுத்திக்கொள்ளும் அலமாரி ஒன்றை அண்மையில் வீட்டில் அமைத்தேன். உயரம் 180 சென்டிமீட்டர், அகலம் 80, ஆழம் 40. இரண்டு கதவுகள், உள்ளே நான்கு தட்டுகள். பூட்டி முடிக்க ஒரு பகல் போதுமானதாக இருந்தது. செய்த பிழை எது என்று கண்டறியத்தான் மேலும் இரண்டு மாலைகள் பிடித்தன. அதைப் பற்றியே விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனெனில் உடன் வந்த கையேட்டில் அது ஒரு சிறு படமாக மட்டுமே இருந்தது. நான் அதைக் கவனிக்காமல் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஒரு பலகையில் மரமுளைகளையும் தலை பருத்த மறையாணிகளையும் பொருத்தி, மற்றொரு பலகையின் துளைகளில் கேம் லாக் எனப்படும் வட்டப் பூட்டுகளை இட வேண்டும். பூட்டின் முகத்திலுள்ள அம்புக்குறி, ஆணி நுழையும் விளிம்பை நோக்கி இருந்தால்தான் ஆணியின் தலை உள்ளே செல்லும். பிறகு ஏறத்தாழ அரைச் சுற்றுத் திருப்பினால் இரு பலகைகளும் நெருங்கி இறுகுகின்றன. இவற்றையெல்லாம் கைத் திருப்புளியாலேயே செய்தேன். இந்தப் பலகைகள் மரச்சீவலையும் தூளையும் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்யப்பட்டவை என்பதால், ட்ரில் மெஷினின் வேகத்தில் திருகினால் துளையின் உட்புறம் உதிர்ந்து, திருகு பிடிப்பின்றிச் சுழலத் தொடங்கிவிடும்.

கடைசியாக மிஞ்சியது முதுகுப் பலகை. மூன்று மில்லிமீட்டர் கனமே உள்ள அதைப் பார்த்தபோது, பின்பக்கம் தூசி வராமல் மறைப்பதற்காகத் தந்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். அலமாரியைக் குப்புறக் கிடத்தி, அதை மேலே வைத்து, ஒரு மூலையில் தொடங்கிச் சுற்றிலும் சிற்றாணிகளை அடித்து முடித்தேன். நிமிர்த்திக் கதவுகளை மாட்டியபோது, நடுவில் அவை சந்திக்கும் இடத்தில் ஒன்று மற்றொன்றைவிட நான்கு மில்லிமீட்டர் மேலே நின்றது.

கீல்களில்தான் குறை என்று முடிவு செய்தேன். இவ்வகைக் கீல்களில் கதவை மேலும் கீழுமாகவும், பக்கவாட்டிலும், முன்னும் பின்னுமாகவும் நகர்த்தும் திருகுகள் இருப்பதால், ஒரு கதவை உயர்த்தி மற்றதைத் தாழ்த்தி, நடுவில் எப்படியோ சமப்படுத்திவிட்டேன். ஆனால் கதவுகளின் மேல்விளிம்புக்கும் மேற்பலகைக்கும் இடையிலிருந்த இடைவெளி ஒருபுறம் குறுகியும் மறுபுறம் அகன்றும் ஆப்பு வடிவில் நின்றது. அதை எந்தத் திருகும் சரிசெய்யவில்லை.

இரண்டாம் நாள் மாலையில்தான் அளவுநாடாவை எடுத்து மூலைவிட்டங்களை அளந்தேன். ஒன்று 196.6 சென்டிமீட்டர், மற்றது 197.4. சரியான செவ்வகமாக இருந்திருந்தால் இரண்டும் 197 என்றே வந்திருக்க வேண்டும். எட்டு மில்லிமீட்டர் வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் இந்த அளவுள்ள அலமாரியில் அதன் பொருள், மேற்பகுதி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது என்பதாகும். நான்கு பலகைகளை மூலைகளில் எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் அந்தச் சட்டம் சிறிது சாயவே செய்யும். கையால் வளைக்கக்கூடிய அந்த மெல்லிய முதுகுப் பலகை, சுற்றிலும் ஆணி அடித்த பிறகு தன் செவ்வக வடிவத்தை விட்டுக்கொடுப்பதில்லை. அலமாரியை நேராக நிறுத்தி வைத்திருப்பது அதுதான். சாய்ந்த நிலையில் அடித்துவிட்டால் அந்தச் சாய்வையே உறுதியாகப் பிடித்துக்கொள்ளும்.

கதவுகளைக் கழற்றி, மறுபடியும் குப்புறக் கிடத்தி, ஆணிகளைப் பிடுங்கினேன். நீண்ட மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் ஒன்றையொன்று நோக்கி மெதுவாக அழுத்தி, இரண்டு அளவுகளும் ஒன்றான பின்பு, முதலில் நான்கு மூலைகளிலும் ஓர் ஆணி அடித்து, மறுபடி அளந்து, அதன் பிறகே மற்ற ஆணிகளைப் பழைய துளைகளிலிருந்து சற்று விலக்கி அடித்தேன். கதவுகளை மாட்டியபோது கீல் திருகுகளுக்கு அதிக வேலை இருக்கவில்லை.

* * *

தங்கள் அனுபவத்தைப் படித்தபோது என்னுடையதையும் சேர்க்கத் தோன்றியது, நண்பரே. எனக்கு மூலைவிட்டங்கள் மிகச் சரியாக இருந்தன. கதவுகள் மட்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. நீங்கள் கீல்களைச் சந்தேகித்ததுபோல நான் முதுகுப் பலகையைச் சந்தேகித்து, அதைக் கழற்றியும் பார்த்துவிட்டேன். பிழை தரையில் இருந்தது. ரசமட்டத்தை அடிப்பலகையின் மீது வைத்தபோது, முன்பக்க வலது மூலை தாழ்ந்திருப்பது தெரிந்தது. நான்கு மூலைகளில் ஒன்றுக்குத் தாங்கல் இல்லாவிட்டால் முழுப் பெட்டியும் முறுக்கிக்கொள்கிறது. முறுக்கத்தை முதுகுப் பலகையால் அவ்வளவாகத் தடுக்க முடிவதில்லை. அந்த மூலையில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகியதும் கதவுகள் தாமாகவே நேராயின.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அலமாரியைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டையை, மட்டம் பார்த்த பிறகே திருகுங்கள். முன்னதாகத் திருகினால் சுவரே அதை முறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பட்டையைப் பெட்டியிலேயே விட்டுவிட நினைப்பவர்களிடம் நான் வலியுறுத்திக் கேட்டுக்கொள்வது, ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள் என்பதே. 40 சென்டிமீட்டர் ஆழமே உள்ள உயரமான அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு குழந்தை ஏறி நின்றாலும், கதவைப் பிடித்துத் தொங்கினாலும், அது முன்புறம் சாய்ந்து குழந்தையின் மீதே விழக்கூடும்.

* * *

உங்கள் இருவருக்கும் நன்றி. என்னிடமும் இப்படியோர் அலமாரி இருக்கிறது. தரை பற்றிப் படித்தவுடன் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். என் அறையில் வேறுபாடு இல்லை. சுவர்ப் பட்டை மட்டும் இன்னும் உறையிலேயே இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இன்று காலை சுவரில் துளையிட்டுப் பிளாஸ்டிக் பிளக் வைத்து அதைத் திருகிவிட்டேன். கனமான புத்தகங்களையும் கீழ்த்தட்டுக்கு மாற்றினேன். மேல்தட்டு நடுவில் சற்றுத் தொய்ந்திருந்ததால், அதைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி வைத்திருக்கிறேன்.