முகப்புத் தோட்டத்துக்குத் தரைமூடிச் செடி: யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. சிங்கப்பூர் ஜூரோங்கில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் முகப்புத் தோட்டத்தைப் பராமரிக்கிறேன். சீனப் புத்தாண்டுக்குள் வசந்த காலப் பூக்கள் வேண்டுமாம். நிர்வாகி காட்டும் படங்களிலோ பான்சி, அலிசம் என்ற குளிர்ப் பருவப் பூச்செடிகள்! கலிபோர்னியாக் கடற்கரை போன்ற மிதமான ஊர்களில் அவை மாதக்கணக்கில் பூக்கும். இரவிலும் 25 டிகிரியைத் தொடும் சிங்கப்பூரில் என்ன செய்வது? போன ஆண்டு வைத்துப் பார்த்தேன். மூன்றே வாரத்தில் தண்டின் அடி அழுகி, விரல் பட்டதும் சரிந்தது.

வெயில் படும் பாதியில் இட்லிப்பூ வைக்கலாம். நித்தியகல்யாணி எனக்குப் பிடிக்கும், ஆனால் தொடர்மழையில் வேர் அழுகுகிறது. சிக்கல், தூங்குமூஞ்சி மரத்தடியில்தான். வெடேலியா என்ற படர்செடி வேண்டாம், நடைபாதைவரை ஏறிவிடும், வெட்டி மாளாது. தரையில் படர்ந்து மஞ்சள் பூப் பூக்கும் பிண்டோ வேர்க்கடலையை யோசிக்கிறேன். பயறு வகை என்பதால் தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும், உரச் செலவு குறையும்.

அரைநிழலில் அதை வளர்த்தவர்கள் உண்டா? பூக்கிறதா, வெறும் இலைதானா? எத்தனை சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டீர்கள்? மண் மூட எத்தனை வாரம் ஆயிற்று? படம் இருந்தால் போடுங்கள், நிர்வாகியிடம் காட்ட வேண்டும்.