நத்தாருக்கு முதல் நாளே இறைச்சி சமைத்து வைக்கலாமா? மாமி ஒரு பக்கம், மச்சாள் ஒரு பக்கம்

பாலையூற்று மருமகள்
எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் ஒரு வழக்கு ஓடுகிறது, தீர்ப்புச் சொல்ல ஆள் வேண்டும். இந்த முறை நத்தார் மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். இருபது, இருபத்தைந்து பேர் வருவார்கள். ஆட்டிறைச்சிக் கறி, பன்றிப் பிரட்டல், கோழி ரோஸ்ட், மஞ்சள் சோறு. 24ஆம் திகதி பின்னேரமே ஆட்டையும் பன்றியையும் சமைத்து இறக்கி, மூடி வைத்துவிட்டு நடுச்சாமப் பூசைக்குப் போகலாம், விடிய எழும்பி ஒரு கொதி விட்டால் போதும் என்கிறார் மாமி. ரொறன்ரோவிலிருந்து வந்து நிற்கும் மச்சாளோ, அப்படி வைத்தால் ஒரு வாய் தொடமாட்டேன் என்கிறார். பிரிட்ஜில் கேக்கும் சோடாவும் ஏற்கனவே இடம் பிடித்துவிட்டன. பெரிய சட்டி உள்ளே போகாது. இரண்டு பேருடனும் நான் ஒரே குசினியில் நிற்க வேண்டும் என்பதையும் மனதில் வைத்துப் பதில் சொல்லுங்கள்.

சுண்டக்கறி
மாமி சொல்வதுதான் சரி. இதில் கேட்க என்ன இருக்கிறது? ஆட்டிறைச்சிக் கறியைச் சமைத்த அன்றைக்கே சாப்பிடுகிறவன் பாதிக் கறியைத்தான் சாப்பிடுகிறான். சவ்வும் எலும்பும் கரைந்து இறங்கி, இரவு முழுக்கச் சாறு ஊறி, காலையில் சட்டியைத் திறந்தால் மேலே செம்மஞ்சள் எண்ணெய் படிந்திருக்கும். அந்தக் கறிக்குத்தான் இடியப்பம் அவிக்க வேண்டும். திருகோணமலையில் வீட்டுக்கு வீடு பிரிட்ஜ் வருவதற்கு முன்னாலும் நத்தார் வந்தது, தீபாவளி வந்தது. மஞ்சள், மிளகு, உள்ளி, கொறக்காப் புளி எல்லாம் சும்மா போடுவதில்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். இவ்வளவுதான் விசயம்.

ஓய்வுபெற்ற பீ.எச்.ஐ.
தங்கச்சி, நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவன். சுண்டக்கறி தம்பியின் கடைசி இரண்டு வரியில்தான் சிக்கல்.

கொதியில் கிருமி சாகும், உண்மை. ஆனால் இறைச்சியில் குளொஸ்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்று ஒன்று உண்டு. கொதியில் அது செத்தாலும், ஏற்கனவே இருக்கும் அதன் வித்துகள் சாகாமல் தப்பிக்கொள்ளும். நீங்கள் அடுப்பை அணைத்து மூடி, கறி ஆறத் தொடங்கியதும் அந்த வித்துகள் முளைக்கும், அதற்குக் கொண்டாட்டம். கொதித்த கறிக்குள் காற்று இல்லை, அதற்கும் காற்றுப் பிடிக்காது. கறி ஆறி 45 பாகை செல்சியஸை ஒட்டி வந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகக்கூடியது. கன்னியா வெந்நீர்க் கிணற்றில் வாளி வாளியாய் ஊற்றிக் குளிக்கிறோமே, ஏறக்குறைய அந்தச் சூடு அதற்கும் சுகம். இருபத்தைந்து பேருக்கான கறி, தடித்த சட்டி, மேலே மூடி. அது அந்தச் சூட்டைக் கடக்க எத்தனை மணித்தியாலம் எடுக்கும் என்று யோசியுங்கள். பூசை முடிந்து வந்தும் சட்டி இளஞ்சூடாகவே இருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதுதான்: சமைத்த சாப்பாடு 5 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது 60 பாகைக்கு மேலே இருக்க வேண்டும். இடையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் விடக்கூடாது.

சுண்டக்கறி
ஐயா, உங்கள் கணக்கின்படி பார்த்தால் கிழக்கு மாகாணத்தில் ஒருவரும் மிஞ்சியிருக்கக் கூடாது. எங்கள் அம்மம்மா இரவு படுக்கப் போகுமுன் ஒரு கொதி, விடிய ஒரு கொதி விடுவார். நீங்கள் சொல்லும் வித்து முளைத்தாலும் காலைக் கொதியில் செத்துப்போகும்தானே? நீங்களே சொல்லிவிட்டீர்கள், கொதியில் சாகும் என்று.

ஓய்வுபெற்ற பீ.எச்.ஐ.
சரியான கேள்வி. முளைத்த பெர்ஃபிரிஞ்சென்ஸ் நன்றாகக் கொதித்தால் சாகும். ஆனால் காலையில் உண்மையில் நடப்பது என்ன? சட்டி நிறையக் கறி, ஓரத்தில் நாலு குமிழி வந்ததும் “சூடாகிவிட்டது” என்று இறக்குவோம். நடுவில் கிடக்கும் எலும்புத் துண்டைத் தொட்டுப் பாருங்கள், இளஞ்சூடுதான். அமெரிக்காவில் மீளச் சூடாக்குவதற்கு 74 பாகை என்று வைத்திருக்கிறார்கள். அது ஓரத்துக்கு இல்லை, நடுத்துண்டுக்கு.

இன்னொன்று, இதுதான் மோசமானது. உப்புப் பார்த்த அகப்பையைத் திரும்பச் சட்டிக்குள் விடுவது, வெட்டுக்காயம் உள்ள கையால் ஆறிய இறைச்சியைக் கிள்ளுவது. இதில் ஸ்ரபிலோகொக்கஸ் வந்து சேரும். அது கறிக்குள் பெருகி நஞ்சைக் கக்கிவிட்டால், பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் கிருமி சாகுமே தவிர நஞ்சு போகாது. சோற்றில் வளரும் பசிலஸ் சீரியசின் வாந்தி நஞ்சும் அப்படியே. அதனால் 24ஆம் திகதி மஞ்சள் சோறு ஆக்கி வெளியே வைக்கும் யோசனை யாருக்காவது இருந்தால், அதை இப்போதே விடுங்கள்.

அம்மம்மா காலத்தில் ஒருவரும் சாகவில்லை என்பதும் சரி. பெர்ஃபிரிஞ்சென்ஸ் பெரும்பாலும் ஆளைக் கொல்லாது. சாப்பிட்டு எட்டுப் பத்து மணித்தியாலத்தில் வயிற்றுக் கடுப்பு, வயிற்றோட்டம், அடுத்த நாள் சரி. நத்தாருக்கு மறுநாள் வயிறு குழம்பினால் “கொஞ்சம் கூடச் சாப்பிட்டுவிட்டேன்” என்போம், இல்லாவிட்டால் கண்ணூறு என்போம். கறிச்சட்டியின் மேல் யார் பழி போட்டார்கள்?

கிண்ணியா நானா
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நடுவில் நான் ஒன்று கேட்கிறேன், ஏன் முதல் நாள் சமைக்க வேண்டும்? எங்கள் பக்கம் கலியாணத்துக்கு நூற்றுக்கணக்கான பேருக்குப் புரியாணி. சுபஹுக்கு முன்னமே விறகடுப்பு மூட்டுவார்கள், லுஹர் தொழுது வரும்போது சகனில், அதாவது பல பேர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டில், சோறு. இறைச்சியை முதல் நாளே வெட்டி, கழுவி, தயிரும் தூளும் பிரட்டிக் குளிரில் வைத்துவிட்டால் விடியக் காலையில் வேலை குறைவு. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வரும் இறைச்சியும் எங்கள் வீட்டில் அப்படித்தான். பச்சையாகப் பங்கு போட்டு பிரீஸரில் வைப்போம், வேண்டியபோது வேண்டியதை எடுத்துச் சமைப்போம். கட்டியாய் உறைந்ததை மட்டும் குசினி மேசையில் வைத்து இளக்காதீர்கள். முதல் நாள் இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட வேண்டும்.

பாலையூற்று மருமகள்
நானா, பூசை முடிந்து வந்து கேக் வெட்டி, பிள்ளைகளைப் படுக்க வைக்கவே இரண்டு மணியாகிவிடும். அதன்பிறகு நாலு மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டினால் மதியம் பரிமாறுவதற்கு நான் இருக்கமாட்டேன். கோழியையும் சோற்றையும் காலையில் செய்துவிடலாம். ஆடும் பன்றியும் முதல் நாள்தான், வேறு வழியில்லை.

ஸ்காபரோ மச்சான்
இங்கே நாங்கள் எல்லாமே முதல் நாள்தான் சமைக்கிறோம். வேலை முடிந்து வந்து வேறு எப்போது சமைப்பது? சமைத்த கையோடு சின்னச் சின்னப் பெட்டியில் போட்டு பிரிட்ஜில். மூன்று நாலு நாள் தாங்கும். சாப்பிடும்போது மைக்ரோவேவ். உங்கள் மச்சாள் சொல்வதில் பிழையே இல்லை. ஒரே ஒரு தடவைதான் சூடாக்க வேண்டும், அதற்கு மேல் கொட்டிவிட வேண்டும்.

சுண்டக்கறி
மைக்ரோவேவ் வந்துவிட்டதா, இனிப் பேச்சே வேண்டாம். அதில் சூடாக்கிய கோழியின் மணத்தை நீங்கள் மோந்து பார்த்ததில்லையா? பழைய காட்போட் மட்டை மாதிரி ஒரு வாடை. ஒரு பக்கம் நாக்கைச் சுடும், மறுபக்கம் ஐஸ். கொட்டுவதைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம். ஆட்டிறைச்சி விற்கும் விலையில் கொட்டச் சொல்கிறவர் கனடாவில்தான் இருக்க முடியும்.

ஓய்வுபெற்ற பீ.எச்.ஐ.
அந்த வாடையைப் பற்றித் தம்பி சொன்னது உண்மைதான். அது மைக்ரோவேவில் பிறப்பதில்லை. சமைத்த இறைச்சி குளிரில் கிடக்கும்போது அதன் கொழுப்பு காற்றுப் பட்டுக் கெடுகிறது, இறைச்சியில் உள்ள இரும்பு அதைத் துரிதப்படுத்துகிறது. சும்மா அவித்த கோழியில்தான் அது கூடத் தெரியும். தூளும் உள்ளியும் போட்ட கறியில், அதுவும் துண்டுகள் சாறுக்குள் மூழ்கியிருந்தால், நன்றாகக் குறையும். அதனால் ரோஸ்டைக் காலையில் செய்கிறேன் என்று தங்கச்சி சொன்னது நல்ல முடிவு. நெஞ்சிறைச்சி மீளச் சூடாக்கினால் தும்புதான்.

ஒரே தடவைதான் சூடாக்கலாம் என்பது பிரித்தானியாவில் சொல்லும் அறிவுரை. அமெரிக்காவில், ஒவ்வொரு முறையும் 74 பாகைக்குப் போனால் பாதுகாப்பு என்கிறார்கள். சுவைதான் போகும்.

உப்புவெளி அக்கா
கிருமிச் சண்டையை நீங்கள் பிடியுங்கள், நான் தேங்காய்ப் பாலைப் பற்றிச் சொல்கிறேன். கேதார கௌரி விரதம் முடித்த வீட்டில் அடுத்த நாள் இறைச்சி என்றால் எல்லாரும் சட்டியைச் சுற்றித்தான் நிற்பார்கள். அதனால் நானும் முன்கூட்டியே சமைப்பவள்தான்.

முதல் நாள் இரண்டாம் பாலிலேயே இறைச்சியை அவித்து, தடிப்பாக இறக்குங்கள். முதற்பால் விட வேண்டாம். முதற்பால் விட்ட கறியைத் திரும்ப கொதிக்க வைத்தால் திரைந்து, எண்ணெய் வேறு தண்ணீர் வேறாக நிற்கும், கெதியில் பழுதும் ஆகும். அடுத்த நாள் சட்டியில் அரைக் கோப்பை சுடுதண்ணீர் விட்டு, அடியைப் பிரட்டிப் பிரட்டி முழுவதும் தளதளவென்று கொதிக்க விடுங்கள். பீ.எச்.ஐ. ஐயா கேட்ட கொதி அங்கே முடிந்துவிடும். பிறகு அடுப்பைக் குறைத்துப் புதிதாகப் பிழிந்த முதற்பால், வறுத்த பெருஞ்சீரகத் தூள், தாளித்த ரம்பை, கறிவேப்பிலை. ஒரு நுரை எழும்பியதும் இறக்குங்கள். பழைய கறி என்று மாமியாலும் கண்டுபிடிக்க ஏலாது. தேசிக்காயைப் பரிமாறும்போது விடுங்கள்.

பன்றிக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. பால் இல்லாமல் கொறக்கா போட்டு வற்றப் பிரட்டியது, தாச்சியில் போட்டு அதன் நெய்யிலேயே திரும்பப் பிரட்டினால் முதல் நாளைவிட நன்றாக இருக்கும்.

சுண்டக்கறி
அக்கா சொன்னதைப் பொன்னெழுத்தில் எழுதலாம். ஆனால் பாருங்கள், அக்காவும் முதல் நாள்தான் சமைக்கிறார்!

ஓய்வுபெற்ற பீ.எச்.ஐ.
முதல் நாள் சமைக்க வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? சமைத்ததை இரவு முழுக்க அடுப்பில் மூடி வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். எல்லோரும் சூடாக்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள், ஆற வைப்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

பாலையூற்று மருமகள்
சரி ஐயா, ஆற வைப்பது எப்படி? கொதிக்கக் கொதிக்க பிரிட்ஜில் வைத்தால் பிரிட்ஜ் பழுதாகும் என்கிறார் மாமி. இடமும் இல்லை. மார்கழி மழையில் கரண்ட் போனாலும் போகும்.

கொட்டியாரக்குடா
நான் கடலுக்குப் போகிற ஆள், கருத்து ஒன்றும் இல்லை, வழி சொல்கிறேன். மீனுக்குப் போடும் ஐஸ் ஒரு கட்டி வாங்கி உடையுங்கள். பெரிய பேசினில் பாதி ஐஸ், பாதித் தண்ணீர், ஒரு கை உப்பு. கறியை இரண்டு மூன்று அலுமினியச் சட்டிக்குப் பிரித்து அதற்குள் இறக்கி, சுத்தமான அகப்பையால் கிண்டிக்கொண்டே இருங்கள். பேசின் தண்ணீர் சட்டிக்குள் தெறிக்கக் கூடாது, அந்த ஐஸ் குடிக்கிற ஐஸ் இல்லை. மண்சட்டியை இறக்கிவிடாதீர்கள், வெடிக்கும். ஆறியதும் மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் மேலும் கீழும் ஐஸ் வைத்து மூடுங்கள். புதுப் பெட்டியாக வாங்குங்கள், மீன் பெட்டியில் வைத்தால் கறிக்குச் சூரை வாசம் வரும். கரண்ட் போனாலும் கவலை இல்லை.

ஓய்வுபெற்ற பீ.எச்.ஐ.
இதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை. ஒரு சேர்க்கை மட்டும்: டப்பாவில் கறியின் ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ஆவி அடங்கிய கறியை பிரிட்ஜில் வைத்தாலும் பிரிட்ஜுக்கு ஒன்றும் ஆகாது. பெரிய சட்டியைச் சுடச்சுட வைத்தால்தான் பக்கத்தில் இருக்கும் பாலும் கேக்கும் சூடாகும்.

சுண்டக்கறி
ஒரு ஆட்டுக் கறிக்கு ஐஸ் கட்டி, ரெஜிபோம் பெட்டி, அங்குலக் கணக்கு! 2022இல் கேஸ் இல்லாமல் விறகுக்கு அலைந்தபோது நாங்கள் ஒரு தடவை அடுப்பு மூட்டி மூன்று நேரம் சாப்பிட்டோம். அப்போது இந்த வகுப்பெல்லாம் எங்கே போனது?

ஓய்வுபெற்ற பீ.எச்.ஐ.
அப்போது வீட்டில் நாலு பேர், சின்னச் சட்டி, பெரும்பாலும் பருப்பும் சொதியும். அது வேறு கதை தம்பி. இருபத்தைந்து பேர் சட்டி தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும்.

சுண்டக்கறி
அதை விடுங்கள். 26ஆம் திகதி மிஞ்சும் கறியைச் சுண்ட வைத்து, அந்தச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுக் குழைத்து உருண்டை பிடிப்பதற்காவது அனுமதி உண்டா, இல்லையா?

ஓய்வுபெற்ற பீ.எச்.ஐ.
மேசையில் பின்னேரம் வரை திறந்து கிடந்த கறி என்றால் இல்லை. பரிமாறும் முன்னமே ஒரு டப்பாவை எடுக்காமல் ஐஸில் விட்டு வைத்திருந்தால், தாராளமாக. எனக்கும் ஒரு உருண்டை.

பாலையூற்று மருமகள்
மாமியிடம் வாசித்துக் காட்டினேன். “ஐஸ் வைக்கலாம், ஆனால் என் மண்சட்டியில்தான் சமைப்பேன்” என்றார். சமைத்த பிறகு அலுமினியத்துக்கு மாற்றுவதற்கு ஒத்துக்கொண்டுவிட்டார். மச்சாளைச் சுத்தமான அகப்பையோடு பேசினுக்குப் பக்கத்தில் இருத்தி, கிண்டும் வேலையைக் கொடுத்திருக்கிறேன். கொட்டியாரக்குடா அண்ணா, 24ஆம் திகதி ஐஸ் கடை பின்னேரம் எத்தனை மணி வரை திறந்திருக்கும்?

கொட்டியாரக்குடா
நத்தாருக்கு முதல் நாள் நம்ப ஏலாது தங்கச்சி. காலையிலேயே வாங்கி உமியில் புதைத்து, சாக்கால் மூடி வையுங்கள்.