புதுப்பிப்பு: கீமோ நாட்களில் நடைப்பயிற்சி, நான்கு சைக்கிளுக்குப் (மருந்துச் சுற்றுக்குப்) பிறகு

புற்றுநோய்க்குக் கீமோ (மருந்து ஏற்றும் சிகிச்சை) தொடங்கியபோது இங்கே "நடக்கலாமா, படுத்தே இருக்கணுமா?" என்று கேட்டிருந்தேன். டாக்டர் நடக்கத்தான் சொன்னார். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி (ACSM என்ற வல்லுநர் அமைப்பு) கூட்டிய வல்லுநர் குழு 2019-இல் சொன்ன அளவுதான் இலக்கு: வாரம் 3 நாள், தலா 30 நிமிடம், மிதமான வேகம். மருந்து ஏறிய முதல் சில நாட்கள் எனக்கு அது எட்டாக்கனி. பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொண்டேன்.

இரண்டாவது சைக்கிளில் உடம்பு தெம்பாக இருக்கிறதே என்று ஒரு மணி நேரம் வேகநடை போனேன். அடுத்த இரண்டு நாள் எழவே முடியவில்லை. (வீட்டில் வாங்கிய திட்டு தனிக்கதை.) இப்போது பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான், பேச மூச்சு வாங்கினால் குறைத்துவிடுவேன்.

இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்காமல் எதுவும் செய்வதில்லை. தட்டணுக்கள் (இரத்தத்தை உறையவைக்கும் அணுக்கள்) குறைந்திருந்தால் எடை தூக்குவது கிடையாது, இரத்தக்கசிவு பயம். வெள்ளணுக்கள் குறைந்திருந்தால் ஜிம் பக்கமே போவதில்லை, தொற்று பயம். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பயிற்சியை மறந்துவிட்டு உடனே மருத்துவமனைக்கு போன்.

கீமோவால் பாதம் மரத்துப்போவதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் தடுமாறினேன். இப்போது மூடிய ஷூ. நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியும் சுவரோரமாகத்தான்.

புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்கள் பயிற்சி செய்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். எலும்பு முறியக்கூடும் என்பதால் குனிவது, முறுக்குவது, பளு தூக்குவது எல்லாம் டாக்டரிடம் கேட்டபிறகே.

ஐந்தாவது சைக்கிள் புதன்கிழமை.