மறு: கவர் வெர்ஷன் – 'வழிப்பாடல்' என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டே இருக்கிறேன். நேற்று இரவுதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வியை எழுப்பிய நண்பர், அமெரிக்கக் கறுப்பர் இசையான சோல் வகையைப் பாடிய ஓட்டிஸ் ரெடிங் பற்றிக் கட்டுரை எழுதுகிறார். இங்கிலாந்து ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டை ஓட்டிஸ் தன் பாணியில் பாடியதைச் சொல்ல வரும்போது 'கவர் வெர்ஷன்' (ஒருவர் பாடி வெளியிட்ட பாட்டை இன்னொருவர் பாடுவது) என்பதற்குத் தமிழ்ச்சொல் கிடைக்காமல் பேனா நின்றுவிட்டது என்றார். இதுவரை வந்த சொற்கள்: உறைப்பாடல், நகல்பாடல், மறுபாடல், தழுவல் பாடல். கவர் என்றே எழுதிவிட்டுப் போகலாம் என்ற கருத்தும் வந்திருக்கிறது. இவற்றை அகராதியோடு ஒப்பிடுவதைவிட அந்தப் பாட்டின் மேலேயே வைத்து உரசிப் பார்ப்பது நல்லது என்று எனக்குப் படுகிறது.

> கவர் என்றால் உறை. எனவே உறைப்பாடல்.

ஐயா, இங்கே உறைக்கு வேலையில்லை. ஒரு நிறுவனத்தின் இசைத்தட்டு நன்றாக விற்கத் தொடங்கியதும், அந்தச் சந்தையில் தனக்கும் பங்கு வேண்டும் என்று இன்னொரு நிறுவனம் அதே பாட்டை வேறொருவரைப் பாடவைத்து அவசரமாக வெளியிடும். அமெரிக்க இசைத்தட்டு வணிகத்தில் இதைத்தான் கவர் செய்வது என்றார்கள். 1950களில் இது கசப்பான கதையாகவும் இருந்தது. 1955இல் ஃபேட்ஸ் டாமினோவின் 'எய்ன்ட் தட் எ ஷேம்' அமெரிக்காவின் பில்போர்டு இதழ் வெளியிடும் பாப் தரவரிசைப் பட்டியலில் 10ஆம் இடம் வரை போனது. அதையே பேட் பூன் பாடியபோது முதலிடம் கிடைத்தது. பாட்டை உருவாக்கியவர் கறுப்பர், முதலிடம் பிடித்தவர் வெள்ளையர். 'கவர்' என்ற சொல்லுக்குள் இந்த வரலாறு இருக்கிறது. அதை உறை என்று மொழிபெயர்த்தால் வரலாறும் போய்விடும், பொருளும் வராது. கேட்பவர் இசைத்தட்டின் அட்டையைத்தான் நினைப்பார்.

> நகல்பாடல் எளிமையான சொல், உடனே புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். இந்த இடத்தில் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது.

ஸ்டோன்ஸ் குழு 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டை 1965 மே மாதம் பதிவு செய்தது. பாட்டு தொடங்கியவுடன் வரும் கிதார்த் தொடர் எல்லோருக்கும் தெரியும். ரம்பம் மரத்தில் இழுபடுவதைப் போன்ற கரகரப்பு. குழுவின் கிதார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் அதை ஒரு ஃபஸ் பெடலை (கிதார் ஒலியைக் கரகரப்பாக்கும் மிதிகருவி) மிதித்து வாசித்தார். அவர் மனத்தில் அந்த இடத்தில் இருந்தவை ஊதுகருவிகள். அவை வாசிக்கவேண்டிய பகுதிக்கு ஓர் அடையாளமாகத்தான் ஃபஸ் ஒலியை வைத்தேன் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் பாட்டு அப்படியே வெளியானது. ஜூலை 10 தேதியிட்ட பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்கு வந்து நான்கு வாரம் அங்கேயே நின்றது.

அதே ஜூலை 9, 10 தேதிகளில்தான் மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் நிறுவனத்தில் ஓட்டிஸ் தன் 'ஓட்டிஸ் புளூ' தொகுப்பைப் பதிவு செய்துகொண்டிருந்தார். ஒரு பழைய சினிமா தியேட்டரை ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றியிருந்தார்கள். கிட்டத்தட்ட முழுத் தொகுப்பையும் ஒரே பகல், ஒரே இரவில் முடித்தார்கள். இடையில் வாத்தியக்காரர்கள் தங்கள் வழக்கமான இரவுக் கச்சேரிக்குப் போய் வாசித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். ஓட்டிஸுக்கு அப்போது 23 வயது. 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டைப் பரிந்துரைத்தவர் கிதார் கலைஞர் ஸ்டீவ் கிராப்பர். ஓட்டிஸ் அதுவரை அதைக் கேட்டதே இல்லை என்று அவருடன் வாசித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், நான் நேற்று நாலைந்து தடவை கேட்டேன். ஓட்டிஸின் பதிவில் அந்தக் கரகரப்பு இல்லை. அதே தொடரை ட்ரம்பெட்டும் சாக்ஸஃபோனும் ஊதுகின்றன. அல் ஜாக்சனின் ட்ரம்ஸ் ஒவ்வொரு தட்டிலும் நேராக இறங்கி, பின்னாலிருந்து பாட்டைத் தள்ளிக்கொண்டே போகிறது. ஸ்டோன்ஸின் பாடகர் மிக் ஜாகர் சரணத்தில் குரலை அடக்கி முணுமுணுப்பாகத் தொடங்குவார். ஓட்டிஸிடம் அந்த அடக்கம் கிடையாது, எடுத்த எடுப்பிலேயே முழுக்குரல்தான். சொல்லைக்கூட அவர் 'சாட்டிஸ்ஃபேஷன்' என்று தன் வாய்க்கு வந்தபடிதான் சொல்கிறார். வரிகளில் சிலவற்றை விட்டுவிடுகிறார், சிலவற்றை மாற்றிவிடுகிறார். கடைசியில் வரியே இல்லாமல் துண்டு துண்டாக வெறும் கூவல், ஊதுகருவிகள் அதற்கு எதிர்க்கூவல். ஸ்டோன்ஸ் பதிவைவிட ஏறத்தாழ ஒரு நிமிடம் சிறியது, ஆனால் கேட்டு முடிக்கும்போது நமக்கு மூச்சு வாங்குகிறது.

கீத் ரிச்சர்ட்ஸ் மனத்தில் கேட்ட ஊதுகருவி ஒலி, அவர் பதிவில் வராமல் ஓட்டிஸ் பதிவில் வந்துவிட்டது. இதை எப்படி நகல் என்பது? மூலத்தின் மனத்தில் இருந்ததைப் பின்னால் வந்தவர் அல்லவா வெளியே கொண்டுவந்திருக்கிறார்!

'மறுபாடல்' இதைவிட நல்ல சொல்தான். ஆனால் இரண்டு சிக்கல். ஒரு பாடகர் தன் பாட்டையே பத்து ஆண்டு கழித்துத் திரும்பப் பாடினாலும் அது மறுபாடல்தான். அப்புறம், 'மறுமொழி' என்று நாம் பதிலைச் சொல்வதால், ஒரு பாட்டுக்குப் பதிலாக எழுதப்படும் பாட்டுக்கு அந்தப் பெயர் இன்னும் கச்சிதமாகப் பொருந்தும். அப்படி ஒரு வகை உண்மையிலேயே உண்டு. 1952இல் கன்ட்ரி பாடகி கிட்டி வெல்ஸ், ஹாங்க் தாம்சனின் ஒரு பாட்டில் பெண்மீது சொன்ன பழிக்குப் பதில் சொல்லும் பாட்டைப் பாடித்தான் புகழ்பெற்றார். 'மறுபாடல்' என்ற சொல்லை அந்த வகைக்கு எடுத்து வைத்துக்கொள்வோம்.

'தழுவல்' வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். நாடகத்தையும் நாவலையும் தழுவும்போது பெயர், ஊர், முடிவு எல்லாவற்றையும் மாற்றலாம். கவரில் மெட்டும் அடிப்படைத் தன்மையும் நிற்கவேண்டும். அமெரிக்கச் சட்டம் இந்த எல்லைக்கோட்டைத் தெளிவாகவே போடுகிறது: உரிய தொகையைக் கட்டிவிட்டு, உங்கள் பாணிக்கு ஏற்றபடி இசைக்கோர்ப்பை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அடிப்படை மெட்டை மாற்றக் கூடாது. 1909 முதல் 1977 முடியும்வரை அந்தத் தொகை படி ஒன்றுக்கு 2 சென்ட்தான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 31சி பிரிவும் கவர் வெர்ஷன் என்ற சொல்லையே ஆள்கிறது. முதல் பதிவு நடந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு கழிந்த பிறகுதான் கவருக்கு இடம் என்கிறது. அந்த விதி 1965இல் மெம்ஃபிஸில் இருந்திருந்தால் இரண்டே மாதத்தில் பாடிய ஓட்டிஸின் பதிவு நமக்குக் கிடைத்திருக்காது. நாம் தேடும் சொல் இப்படிச் சட்டத் தமிழிலும் உட்காரவேண்டிய சொல் என்பதால், தழுவலோடு குழம்பும்படி விடக்கூடாது.

இனி என் பரிந்துரை: வழிப்பாடல்.

நமக்கு முதல்நூல், வழிநூல் என்ற பகுப்பு தொல்காப்பியக் காலத்திலிருந்தே பழக்கம், நன்னூல் சார்புநூலையும் சேர்த்து மூன்றாகச் சொல்கிறது. வழிநூலுக்கு நன்னூல் தரும் இலக்கணம் இது:

முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப்
பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி
அழியா மரபினது வழிநூ லாகும்

'நூல்' என்ற இடத்தில் 'பாடல்' என்று போட்டு வாசியுங்கள். முன்னவர் பாடலோடு முடிபில் ஒத்துப்போக வேண்டும்: மெட்டும், அந்த ஆறாத அதிருப்தியும் அப்படியே இருக்கின்றன. பின்னவர் வேண்டும் விகற்பம் கூற வேண்டும்: ஊதுகருவிகள், நேர்த்தட்டு ட்ரம்ஸ், 'சாட்டிஸ்ஃபேஷன்'. எனக்கு இதில் மிகவும் பிடித்த சொல் 'வேண்டும்'. விகற்பம் பின்னவருடைய விருப்பத்திலிருந்து வருகிறது, முன்னவரிடம் கெஞ்சிப் பெறும் சலுகையாக அல்ல. ஒரு சோல் பாடகர் ராக் பாட்டை எடுத்துப் பாடும்போது நடப்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர் யாரையும் நான் படித்ததில்லை.

மரபு என்ற சொல்லும் இங்கே வெறும் அலங்காரம் இல்லை. 1965 தொடக்கத்தில் வெளியான தங்கள் இரண்டாவது தொகுப்பில் ஸ்டோன்ஸ் 'பெய்ன் இன் மை ஹார்ட்' என்ற பாட்டைப் பாடியிருக்கிறார்கள். அது 1963இல் ஓட்டிஸ் பாடியது. அதற்கும் முன்னால், நியூ ஆர்லியன்ஸ் பாடகி இர்மா தாமஸ் பாடிய ஒரு பாட்டின் வழியில் வந்தது. ஆக, ஓட்டிஸ் ஸ்டோன்ஸை எடுத்துப் பாடுவதற்கு முன்பே ஸ்டோன்ஸ் ஓட்டிஸை எடுத்துப் பாடிவிட்டார்கள். கறுப்பர் இசையில் ஊறி வளர்ந்த வெள்ளை இளைஞர்களின் பாட்டை ஒரு கறுப்பர் தன் வீட்டுக்கே திரும்ப அழைத்துவருகிறார். பேட் பூன் காலத்தில் ஒரு பக்கமாகவே போய்க்கொண்டிருந்த பாதையில் எதிர்த்திசையிலும் ஆள் நடக்கத் தொடங்கியதை 'வழி' என்ற சொல் காட்டும். 'கவர்' காட்டாது.

இப்போது மறுப்புகளுக்கு வருகிறேன்.

முதல் மறுப்பு என் வீட்டிலேயே கிளம்பியது. அண்ணன் மகள் கிதார் வாசித்துக்கொண்டு பாடுகிற பெண். அவளிடம் போனில் 'வழிப்பாடல்' என்று சொன்னேன். "சித்தப்பா, கோயில் பாட்டா?" என்று கேட்டாள். அவள் காதில் 'வழிபாடு' என்று விழுந்திருக்கிறது. உண்மையான சிக்கல்தான், மூடி மறைக்க மாட்டேன். 'வழிப்பாட்டு' என்று சொன்னால் இன்னும் மோசம், ஒற்றைப் ப் ஒன்றுதான் வேறுபாடு. அதனால் 'பாட்டு' வேண்டாம், 'பாடல்' என்றே நிறுத்துவோம். வழிப்போக்கன், வழிப்பயணம் என்று வல்லினம் மிகுத்துச் சொல்லும் வழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது, நாக்கு பழகிக்கொள்ளும். இன்னொன்றும் தோன்றியது. வழிபடுதல் என்பதன் அடிப்பொருளே ஒருவர் வழியில் நடத்தல், பின்பற்றுதல். வணங்குதல் அதிலிருந்து வந்தது. ஆகவே இரண்டும் பகைச்சொற்கள் இல்லை, உறவுச்சொற்கள். அண்ணன் மகளுக்கு இதை விளக்கியபோது, அப்படியென்றால் பரவாயில்லை என்றாள்.

இரண்டாவது மறுப்பு இலங்கை நண்பர் எழுப்பியது, மிக நுட்பமானது:

> பாடல் மாறவில்லையே, பாடியவரும் பதிவும்தானே மாறின? அப்படியானால் 'வழிப்பதிவு' அல்லவா சரி?

இரண்டு நாள் இதையே யோசித்தேன். சட்டப்படி அவர் சொல்வது சரி. இயற்றப்பட்ட பாட்டு வேறு, அதன் ஒலிப்பதிவு வேறு. ஓட்டிஸ் பதிவு விற்றாலும் பாட்டை இயற்றியதற்கான தொகை ஜாகருக்கும் ரிச்சர்ட்ஸுக்கும்தான் போகும். ஆனால் 'பதிவு' என்று கட்டிவிட்டால் மேடையில் பாடுவதை என்னவென்று சொல்வது? ஓட்டிஸ் இதே பாட்டை 1967 ஜூனில் கலிபோர்னியாவில் நடந்த மான்டெரே இசைவிழா மேடையில் பாடினார். அதே மேடையில் தன்னுடைய 'ரெஸ்பெக்ட்' பாட்டைத் தொடங்கும் முன், ஒரு பெண் இதைத் தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டாள் என்றும் சொன்னார். அதே ஆண்டு அரீதா ஃபிராங்க்ளின் பாடி முதலிடத்துக்குக் கொண்டுபோயிருந்தார், அதைத்தான் சொல்கிறார். அங்கே கைமாறியது பதிவு இல்லை, பாடும் உரிமை.

இதற்குத் தமிழே விடை வைத்திருக்கிறது. 'பாடல்' பொருட்பெயர் மட்டும் இல்லை, ஆடல் பாடல் என்று சொல்லும்போது அது தொழிற்பெயர். பாடப்படுவதும் பாடல், பாடுதலும் பாடல். வழிப்பாடல் என்றால் வழிநின்று பாடுதல் என்றே எடுத்துக்கொள்ளலாம். அப்போது இயற்றியது அப்படியே இருக்க, பாடுவது மட்டும் மாறியதாக ஆகிறது. பதிவைக் குறித்தே சொல்லவேண்டிய இடத்தில் 'வழிப்பாடல் பதிவு' என்று எழுதிக்கொள்ளலாம்.

சொல்லைக் கடினமான இடத்தில் ஒருமுறை நிறுத்திப் பார்த்தேன். ஸ்டோன்ஸின் 'கிம்மி ஷெல்டர்' பாட்டில் 1969இல் ஜாகருடன் பாடியவர் மெர்ரி கிளேட்டன். கர்ப்பிணியாக இருந்த அவரை நள்ளிரவில் அழைத்துவந்து பாடவைத்தார்கள். உச்சத்தில் அவர் குரல் உடைவது பதிவில் அப்படியே கேட்கிறது. அடுத்த ஆண்டே அந்தப் பாட்டைத் தன் பெயரில், தன் குரலில் பாடி வெளியிட்டார். மூலத்தில் பாதி அவருடையது. அவர் பாடியதும் வழிப்பாடலா? ஆம் என்றே நினைக்கிறேன். முதற்பாடலில் அவர் துணைக்குரல். இரண்டாவதில் பின்னவர் வேண்டும் விகற்பம் முழுக்க அவருடையது. மாற்றுக்கருத்து இருந்தால் கேட்க ஆவலாக இருக்கிறேன்.

கவர் என்றே விடலாம் என்பவர்களுக்கு: பேச்சில் இருக்கட்டும், தடையில்லை. ஆனால் எழுதும்போது மூலத்துக்கும் ஒரு சொல் வேண்டியிருக்கிறது. முதற்பாடல், வழிப்பாடல் என்று இரண்டும் சோடியாக வந்துவிடுகின்றன. 'கவர்' தன் சோடியைக் கூட்டிவருவதில்லை. பழைய பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துப் புதுப்பாட்டில் ஒட்டும் சாம்ப்ளிங்குக்குச் சார்புநூல் என்ற மூன்றாவது வகை பொருந்துமா என்பதைத் தனி இழையில் பேசுவோம், இங்கே கலந்தால் இரண்டும் கெடும்.

கட்டுரை எழுதும் நண்பருக்கு, அந்த வரியை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "ரோலிங் ஸ்டோன்ஸின் முதற்பாடல் வெளியாகி ஒரு மாதத்துக்குச் சற்று மேல் ஆன நிலையில் ஓட்டிஸ் ரெடிங் அதன் வழிப்பாடலைப் பதிவு செய்தார், கீத் ரிச்சர்ட்ஸ் நினைத்திருந்த ஊதுகருவிகள் அதில்தான் ஒலித்தன." உங்கள் பத்தியில் வைத்து, வாய்விட்டு வாசித்துப் பார்த்துச் சொல்லுங்கள். எங்கேனும் நாக்கு இடறினால் அந்த வாக்கியத்தை அப்படியே இங்கே இடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்.