புதுச்சேரி வெக்கையில் ஈஸ்ட் ரொட்டி: யாராவது வழி சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். முத்தியால்பேட்டையில் இருக்கிறோம். மேலே மொறுமொறுன்னு, உள்ளே ஓட்டை ஓட்டையா இருக்கும் பிரெஞ்சு ரொட்டியை வீட்டிலேயே சுடணும். அப்பாவுக்கு அதை மீன் குழம்பில் தோய்த்துச் சாப்பிட அவ்வளவு பிடிக்கும்.

மைதா 500 கிராம், தண்ணீர் 350 மில்லி, உப்பு 10 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம். ஓடிஜியில் (வீட்டு மின்சார ஓவன்) 230 டிகிரி, கீழ்த்தட்டில் ஒரு கிண்ணம் கொதிதண்ணீர்.

குளிர்நாட்டுக் குறிப்புகளில் மாவை 2 மணி நேரம் பொங்க விடச் சொல்றாங்க. இங்கே இருக்கிற புழுக்கத்தில் அதில் பாதி நேரத்திலேயே இரண்டு மடங்காகிடுது. உருட்டி வைத்தால் பக்கவாட்டில் பரவுது. விரலால் அழுத்தினால் குழி எழும்பாமல் அப்படியே நிற்குது, அதாவது அளவுக்கு மீறிப் புளிச்சிருக்கு. ஈஸ்ட்டைக் குறைக்கணுமா, ஐஸ் தண்ணீரில் பிசையணுமா, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைக்கணுமா? எனக்கு ஃபிரிட்ஜ் வழிதான் சரின்னு படுது. மெதுவாப் புளிச்சா ருசியும் கூடும். ஆனால் எடுத்ததும் நேரா ஓவனில் வைக்கலாமா?

இன்னொன்று, சுட்டதும் மொறுமொறுப்பா இருக்கும் மேல்தோல் ஆறினதும் நமுத்துப் போகுது. கடலோரத்தில் இருக்கிறவங்க இதுக்கு என்ன செய்றீங்க? புரதம் கூடுதலா இருக்கிற ரொட்டி மாவு புதுச்சேரியிலோ கடலூரிலோ சில்லறையா எங்கே கிடைக்கும்?