வெளியின் இடவியல் மாற முடியுமா?

கேள்வி: ஒரே துண்டாக உள்ள மூடிய வெளி (அளவில் முடிவுள்ள, விளிம்பற்ற வெளி) காலப்போக்கில் இரண்டாகப் பிரிவதைப் பொதுச் சார்பியல் அனுமதிக்கிறதா? ஐன்ஸ்டைன் சமன்பாடு இடவியலை, அதாவது வெட்டாமலும் ஒட்டாமலும் மாற்ற முடியாத வடிவ அமைப்பை, நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லையே.

மறுமொழி 1: சமன்பாட்டுக்கு முன்பே காரண அமைப்பு, அதாவது எந்த நிகழ்வு எதைப் பாதிக்கலாம் என்ற ஒழுங்கு, குறுக்கே நிற்கிறது. 1967இல் ராபர்ட் ஜெரோக் நிறுவிய தேற்றத்தின்படி, இரு மூடிய வெளிகளுக்கு இடைப்பட்ட காலவெளி கச்சிதமானதாகவும் (முடிவுள்ளது, ஓட்டையற்றது), எங்கும் சீரான லோரன்ட்ஸ் அளவையும் (காலத்தையும் தூரத்தையும் அளக்கும் விதி) காலத்திசையும் கொண்டதாகவும், தன்னையே வந்தடையும் காலப்பாதை அற்றதாகவும் இருந்தால், அவ்விரு வெளிகளின் இடவியலும் ஒன்றே. காலத்திசையைப் பின்பற்றும் கோடுகள் உள்ளே சிக்கிக்கொள்ள இடமின்றி, முதல் வெளியின் ஒவ்வொரு புள்ளியையும் இரண்டாவதன் ஒரு புள்ளிக்குக் கொண்டு சேர்த்துவிடுகின்றன. இவ்வளவு எளிய நிறுவல் இவ்வளவு வலிய முடிவைத் தருவது எனக்கு இன்றும் வியப்பே.

மறுமொழி 2: அளவை ஒரு தனிப்புள்ளியில் சுழியாகலாம் என்று ஏற்றால் தடை தளரும். ஒரு வெளி இரண்டாகப் பிரிவதைக் காட்டும் கால்சட்டை வடிவக் காலவெளியின் கவட்டைப் புள்ளி அத்தகையது. அங்கே ஒன்றுக்குப் பதில் இரண்டு எதிர்கால ஒளிக்கூம்புகள் (ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளி எட்டக்கூடிய பகுதியின் எல்லை) விரிகின்றன. ஆனால் அப்புள்ளியிலிருந்து குவாண்டம் புலம் முடிவிலி ஆற்றலை உமிழும் என இயற்பியலாளர்கள் ஆண்டர்சனும் டிவிட்டும் 1986இல் காட்டினர்.

கேட்டவர்: அப்படியானால் தடை இடவியலில் இல்லை, காரண அமைப்பில்தான் இருக்கிறது என்று புரிந்துகொள்கிறேன். நன்றி.